கெர்னல் கவிழ்ந்தால் யார் சாட்சி?

மரக்காணம் உப்பளத்துக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், முதல் பார்வைக்கு ஒன்றுமில்லைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மரக்காணம் பக்கம் ஜன்னல் வழியாக வெள்ளை வெள்ளையாகக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தியில் விளைந்த உப்பை வாரி, மேட்டில் ஏற்றிக் குவித்து, மேலே கீற்று போட்டு மூடி வைப்பார்கள். அந்த மேட்டில் ஒரு கல் உப்புகூட விளையாது. "இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்களே, இதையும் பாத்தியாக்கலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் உப்பளக்காரர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மழை வந்தால் பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். மேட்டில் ஏறியதுதான் கணக்கில் நிற்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு இரவுக்குப் பிறகு பாத்தி ஓரத்தில் நின்று "நேற்று சாயங்காலம் இங்கே எவ்வளவு உப்பு இருந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல யாராலும் முடியாது. வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரின் மெமரியும் அப்படித்தான். கரண்ட் இருக்கும்வரை எல்லாம் அதில் இருக்கும். எந்தப் புரோகிராம் ஓடியது, எந்த டிரைவர் எதைத் தொட்டது, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று எல்லாமே. ரீபூட் பட்டனை அமுக்கினால் உப்பு கரைந்த கதை.

சாதாரண புரோகிராம் ஒன்று செத்தால் பெரிய விஷயமில்லை. கீழே கெர்னல் உட்கார்ந்திருக்கிறது. யார் செத்தார்கள், எந்த இடத்தில் செத்தார்கள் என்று அது எழுதி வைக்கும். கெர்னலே செத்தால்? எழுதி வைக்க வேண்டியவரே போய்விட்டார். ஊரில் திருட்டு நடந்தால் காவல்காரரிடம் சொல்லலாம், காவல்காரரே மயங்கி விழுந்தால் யாரிடம் சொல்வது என்பது மாதிரிதான்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய விடை கொஞ்சம் அசட்டுத்தனமானது. கவிழ்ந்துகொண்டிருக்கும் கெர்னலையே, "சாவதற்கு முன் உன் மெமரியை டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போ" என்று சொல்வது. எல்.கே.சி.டி. என்ற பழைய திட்டம் அந்த வழிதான். நெட்டம்ப், டிஸ்க்டம்ப் என்று வந்தவையும் ஏறக்குறைய அதே குடும்பம். கவிழ்ந்ததற்குக் காரணமே டிஸ்க் டிரைவராக இருந்தால் என்ன ஆகும்? அதே கெட்டுப்போன டிரைவரைக் கொண்டே டிஸ்க்கில் எழுத வேண்டும். நல்ல ஃபைல்களின் மேல் குப்பையை எழுதிவிட்டால் இருந்ததும் போச்சு. எல்.கே.சி.டி.யைக் கெர்னலுக்குள் சேர்க்க லைனஸ் டோர்வால்ட்ஸ் 2002-ல் மறுத்துவிட்டார்.

பி.காம் பாடத்தில் ஒரு சின்ன வித்தியாசம் வரும். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாகவும் வரும். காப்பு வேறு, காப்பு நிதி வேறு. லாபத்தில் ஒரு பகுதியைக் 'காப்பு' என்று பேரேட்டில் எழுதி வைக்கலாம். ஆனால் அந்தப் பணம் தொழிலுக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். சரக்காக, கடன்பாக்கியாக, மேஜை நாற்காலியாக. நிறுவனம் முழுகும்போது அந்தக் காப்பும் சேர்ந்து முழுகும். காப்பு நிதி அப்படி இல்லை. அந்தத் தொகையை வெளியே எடுத்து, தொழில் தொட முடியாத இடத்தில் முதலீடு செய்திருக்க வேண்டும். எல்.கே.சி.டி. வழி முதல் வகை. இரண்டாம் வகையைக் கெர்னலுக்குக் கொண்டு வந்ததுதான் கே-டம்ப்.

இதில் நம் பக்கத்து ஊருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து பயாஸைத் தொடாமல் நேராக வேறொரு கெர்னலுக்குத் தாவும் 'கெக்ஸெக்' என்ற வித்தையை எழுதியவர் எரிக் பீடர்மன். அந்த வித்தையைக் கொண்டு கவிழ்ந்த கெர்னலைப் படம் பிடிக்கலாம் என்று கே-டம்ப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, மணீஷ் சோனி. மூவரும் ஐ.பி.எம்-மின் பெங்களூர்க் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். 2005-ல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கோயல், பீடர்மன், நெல்லிதீர்த்தா பெயர்களில் கட்டுரை வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் 2.6.13 கெர்னலில் கெக்ஸெக்கும் கே-டம்ப்பும் சேர்ந்தன. "இந்தியாவில் சப்போர்ட் வேலைதான் நடக்கிறது, உருவாக்கும் வேலை நடப்பதில்லை" என்று டீக்கடையில் பேசுகிறவர்களிடம் இதை ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் :-)

அது வேலை செய்யும் விதம் அழகானது. மெஷின் கிளம்பும்போதே 'கிராஷ்கெர்னல்' என்ற அளபுருவில் இவ்வளவு மெகாபைட் என்று சொல்லிவிட வேண்டும். கெர்னல் அந்த அளவுக்கு ஒரே துண்டாக மெமரியை ஒதுக்கி, தானே அதைத் தொடாமல் இருந்துவிடும். அந்த இடத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அது எழுந்திருக்காது, தூங்கிக்கொண்டே இருக்கும். முதல் கெர்னல் கவிழ்ந்த கணத்தில் கட்டுப்பாடு அதற்குத் தாவும். எழுந்து, தன் சிறிய அறைக்குள்ளேயே ஓடிக்கொண்டு, வெளியே கிடக்கும் பழைய மெமரி முழுவதையும் ஒரு ஃபைலைப் போலப் படிக்கும். காலிப் பக்கங்களையும் வேண்டாத பக்கங்களையும் 'மேக்டம்ப்ஃபைல்' என்ற கருவி கழித்துவிட்டு, மிச்சத்தை டிஸ்க்கிலோ நெட்வொர்க் வழியாக வேறு மெஷினிலோ சேர்க்கும். பிறகு ரீபூட்.

கவிழ்ந்த பிறகு மெமரி ஒதுக்கிக்கொண்டால் போதாதா, முன்னாலேயே எதற்கு என்று கேள்வி வரும். போதாது. கெர்னல் செத்தாலும் நெட்வொர்க் கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் சாகவில்லை. முன்பு சொல்லி வைத்த விலாசத்தில் அவை பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். எந்தக் கருவிக்கும் ஒருநாளும் விலாசம் கொடுக்காத இடம்தான் பத்திரமான இடம். அப்படி ஓர் இடம் வேண்டுமானால் முதல் நாளே பிரித்து வைத்திருக்க வேண்டும். மழை ஆரம்பித்த பிறகு மேடு கட்ட முடியுமா?

இனி செலவுக் கணக்கு. சண்டை எல்லாம் இங்கேதான். ரெட் ஹேட் 9-ம் பதிப்பின் இயல்புநிலை அளவு இது: 1 முதல் 4 ஜிபி வரை உள்ள மெஷினில் 192 மெகாபைட், 4 முதல் 64 வரை 256, அதற்கு மேல் 512. 64 ஜிபி-யை ஒட்டிய மெஷினில் 256 மெகாபைட் என்பது அரை சதவீதம்கூட இல்லை, 0.4 தான். 4 ஜிபி-யை எட்டாத மெஷினில் 192 மெகாபைட் ஏறக்குறைய 5 சதவீதம். 1 ஜிபி மெஷினில் அதுவே 19 சதவீதத்தை நெருங்குகிறது. ஏழைக்கு அதிக விகிதத்தில் விழும் மறைமுக வரி மாதிரியே இருக்கிறது. பெரிய டேட்டா சென்டர்காரர் உணரவே மாட்டார். மாத வாடகைக்குச் சின்ன கிளவுட் மெஷின் எடுத்து பில்லிங் ஓட்டுகிறவர் அலறுவார். 2025 கடைசியில் மெமரி விலை ஏறிய ஏற்றத்துக்கு அவர் அலறுவதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் அந்தச் சின்ன ஆளுக்குத்தான் சாட்சி அதிகம் தேவைப்படுகிறது. மரக்காணம் மாதிரி ஊரில் ஒரு உப்பு வியாபாரி, அல்லது ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒற்றை சர்வரில் கணக்கு ஓட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு தடவை அது தொங்கிப் போகிறது. ஹார்டுவேர்க்காரரைக் கூப்பிட்டால் "சாஃப்ட்வேர் பிரச்சனை சார்" என்பார். சாஃப்ட்வேர்க்காரரைக் கேட்டால் "மெமரி சிப் போயிருக்கும், மாத்திப் பாருங்க" என்பார். இருவரும் சேர்ந்து சொல்லும் ஒரே விஷயம் "ரீபூட் பண்ணிடுங்க". ஏ.எம்.சி. பணம் மட்டும் வருஷா வருஷம் ஒழுங்காகப் போகும். யார் மேல் தப்பு என்று காட்ட ஓர் ஆதாரம் இல்லாதவரை வாடிக்கையாளர்தான் செலவழித்துக்கொண்டிருப்பார். ஒரு டம்ப் இருந்தால் எந்த டிரைவரின் எந்த வரியில் விழுந்தது என்று எடுத்து வைத்துப் பேசலாம். சர்வர் வாங்கும்போதே கொட்டேஷனில் "கே-டம்ப் அமைத்து, சோதித்துக் காட்டித் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

'சோதித்துக் காட்டி' என்பது அலங்காரத்துக்குப் போட்ட சொல் இல்லை. ஒதுக்கியது போதாமல் போனால் இரண்டாவது கெர்னலே மெமரி இல்லாமல் செத்துவிடும். பிரீமியம் கட்டியும் கிளெய்ம் கிடைக்காத இன்ஷூரன்ஸ் அது. ஒதுக்காமலே இருப்பதைவிட மோசம், ஏனென்றால் "நமக்குத்தான் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் ஆள் நிம்மதியாகத் தூங்குவார். வேண்டுமென்றே கெர்னலை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பதுதான் ஒரே சோதனை. லினக்ஸில் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. புயல் சீசனுக்கு முன் கடலோரத்தில் ஒத்திகை நடத்துவது போல, சர்வரை வேலைக்கு விடும் முன் ஒரு நாள் செய்துவிட வேண்டும்.

சரி, 1 ஜிபி மெஷின்காரர் என்ன செய்வது? அவரைத் திட்டிப் பயனில்லை. 'பி-ஸ்டோர்' என்று ஒன்று இருக்கிறது. முழு மெமரியை எடுக்காமல், கெர்னல் கடைசியாகச் சொன்ன சில வார்த்தைகளை மட்டும் ரீபூட்டுக்குப் பின்னும் நிற்கும் ஓர் இடத்தில் வைக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் இதே வகைதான். மரண வாக்குமூலம் மாதிரி. போஸ்ட்மார்ட்டம் ஆகாது, ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ தேவலை.

எதிர்ப்பக்கத்தில் கனமான வாதம் ஒன்று உண்டு. செலவு அல்ல, அந்தரங்கம். டம்ப் என்பது மெமரியின் படம். மெமரியில் பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் விவரம், ரகசியச் சாவி எல்லாம் இருக்கும். 2023-ல் மைக்ரோசாஃப்டின் கையெழுத்துச் சாவி ஒன்று திருடுபோன விவகாரத்தில், 2021-ல் எடுத்த கிராஷ் டம்ப் வழியாக அது கசிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே அந்தச் செப்டம்பரில் எழுதியது. அடுத்த மார்ச்சில், சாவி இருந்த டம்ப் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று திருத்தியது. உண்மை எதுவோ, அப்படி நடக்கலாம் என்று அவர்களே நம்பியதே போதுமான எச்சரிக்கை. ஆகவே டம்ப்பை வெளியாளுக்கு மெயிலில் தூக்கி அனுப்பக் கூடாது, பூட்டி வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். இதையெல்லாம் டம்ப்பை வைத்துக்கொள்ளும் ஒழுங்காகச் சொல்லலாம். டம்ப்பே எடுக்கக் கூடாது என்பதற்கு இது காரணமாகாது. வங்கி லாக்கர் சாவி தொலையலாம் என்பதற்காக யாரும் நகையைத் திண்ணையில் வைப்பதில்லை.

2024 ஜூலை 19 யாருக்கும் மறந்திருக்காது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எந்த டிரைவர், எந்த இடத்தில், மெமரியின் எந்த எல்லையைத் தாண்டிப் படித்தது என்று மைக்ரோசாஃப்ட் பிறகு விளக்கியது அந்த மெஷின்கள் அனுப்பியிருந்த கிராஷ் டம்ப்களை வைத்துத்தான். விண்டோஸ் மெமரிக்குப் பதில் டிஸ்க்கில் இடம் பிடித்து வைக்கிறது. முறை வேறு, ஒதுக்குவது ஒன்றுதான்.

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்கும் ரொக்க இருப்புக்கு வட்டி கிடையாது. அதனால் வங்கிக்காரர்கள் எப்போதும் முணுமுணுப்பார்கள். 2025-ல் அந்த விகிதம் 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3 ஆனது. எவ்வளவு என்பதில்தான் வழக்கு. பூஜ்யம் ஆக்கு என்று பொறுப்புள்ள யாரும் பேசுவதில்லை. கெர்னல் உலகில் மட்டும் ரொம்ப நாள் பூஜ்யமே வழக்கமாக இருந்தது. இப்போது கொஞ்சம் மாறுகிறது. உபுண்டு 24.10 முதல், போதுமான மெமரியும் டிஸ்க்கும் உள்ள மெஷின்களில் கே-டம்ப்பைத் தானாகவே இயக்கி வைக்கிறது. 2025-ல் கெர்னலில் இன்னொரு வழி சேர்ந்தது: ஒதுக்கிய மெமரியின் ஒரு பகுதியைச் சாதாரண நாட்களில் புரோகிராம்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், கவிழ்ந்தால் காப்பாளருக்குத் திரும்பிவிடும். கடலோரக் கிராமங்களில் கட்டியிருக்கும் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்தை மற்ற நாட்களில் வேறு காரியத்துக்கு விடுவது போல. அதற்கும் ஒரு விலை உண்டு. புரோகிராம்களுக்குக் கொடுத்த பக்கம் என்றால் அதன் விலாசம் ஏதாவது ஒரு கருவியின் கையில் இருக்கலாம். கவிழ்ந்த பிறகும் அது எழுதலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்று மையத்துக்குள் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்ற அதே கேள்வி. கொஞ்ச நேரம் காத்திருந்து அந்தக் கருவிகள் எழுதி முடித்த பிறகு உள்ளே போகலாம் என்பது கெர்னல்காரர்கள் வைத்திருக்கும் விடை. சின்ன மெஷின்காரருக்கு அது கட்டுப்படியாகும். வங்கி சர்வருக்குப் பழையபடி தனி மேடே நல்லது.