பில்டர் இல்லை என்று சொல்லாதீர்கள், அளந்து பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்



வெருகல், ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் உறவுகளுக்கும், அதைத் திருத்திக் கொடுக்கும் கராஜ் பாஸ்மாருக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வாசித்தால் சிலருக்குக் கோபமும் வரும். வரட்டும்.

நம்ம பக்கம் ஒரு கெட்ட பழக்கம் வேர் விட்டுவிட்டது. மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிஜ் மாதிரி ஒரு கார் கராஜுக்குப் போனால், "இதுக்கு எயார் பில்டர் இப்ப வாறதில்ல, கழட்டிப் போட்டு ஓடுங்க, இழுவையும் கூடும்" என்கிறார்கள். சொல்லிவிட்டு அந்தத் தகரச் சட்டியைக் கழற்றி ஒரு மூலையில் எறிகிறார்கள். அடுத்த வாரம் பழைய இரும்பு வாங்குகிறவர் அதை நிறுத்து எடுத்துக்கொண்டு போகிறார். காபரேட்டர் வாயைத் திறந்தபடி நிற்கிறது. கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் மெத்தை ஸ்பொஞ்சையோ பழைய துணியையோ சுற்றிக் கட்டுகிறார்கள். அந்த ஸ்பொஞ் பெற்றோல் பட்டு உதிர்ந்து எஞ்சினுக்குள்ளேயே போகும். காபரேட்டர் பக்கம் ஒரு தரம் திருப்பி வெடித்தால் தீயும் பிடிக்கும்.

நாங்கள் எந்த மண்ணில் வண்டி ஓட்டுகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள். ஏ-15 வீதி கார்பட்தான், மறுக்கவில்லை. அதை விட்டு உள்ளே திரும்பினால் கிறவல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் போகிறவருக்குப் பாதையே தெரியாது. அறுவடைக் காலத்து வயற்புழுதி வேறு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மொரிஸ் மைனரின் 1098 சிசி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் தன் கொள்ளளவு காற்றை உள்ளே இழுக்கும். 3000 சுற்றில் முழுக்க மிதித்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1600 லீற்றர். வீட்டுக் கூரையில் இருக்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்றரை அளவு காற்று, ஒவ்வொரு நிமிடமும்! அந்தக் காற்றில் இருக்கும் மணல்தூள் எஞ்சின் ஒயிலோடு கலந்தால் அது அரைக்கும் பசை. ரிங் தேயும், போர் தேயும், பின்னால் நீலப்புகை வரும். அப்போது அதே கராஜில் "எஞ்சினை இறக்கி போர் அடிக்க வேணும்" என்பார்கள். பில்டர் கிடைக்காத காருக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் மட்டும் சுலபமாகக் கிடைத்துவிடுமா? இந்தக் கேள்வியை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

"பழைய காருக்கு இவ்வளவு பேச்சா? இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இன்றைக்கு வரியோடு சேர்த்து ஒரு புது வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், ஒரு ஆசிரியரோ விவசாயியோ எத்தனை வருடச் சம்பாத்தியத்தைக் கட்ட வேண்டும் என்று. இரவு நேரத்தில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற கார் அது. அது நின்றால் ஒரு வீடே நிற்கும்.

இந்த நாட்டுக்கு இதெல்லாம் தெரியாத வித்தையும் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் இதே ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதே காலப்பகுதியில் தெற்கில் மொரிஸ் மைனர் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணினார்கள். கார் பிறந்த ஊருக்கே பாகம் அனுப்பிய நாட்டில் இருந்துகொண்டு, ஒரு வட்டக் காகித பில்டருக்குக் கை விரிக்கிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஒன்று: உங்கள் காரில் எண்ணெய்ச் சட்டி வகை இருந்தால் உங்களுக்கு பில்டரே வாங்கத் தேவையில்லை. மெஸி பெர்கசன் 35 உழவு இயந்திரத்தில் இருப்பதும் இதே முறைதான். காற்று எண்ணெய்க்கு மேலே திடீரென்று திரும்பும்போது தூசு எண்ணெயில் விழும். மிச்சம் கம்பி வலையில் ஒட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சட்டியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, அடையாளக் கோடு வரை புது ஒயில் விடுங்கள். கோட்டுக்கு மேலே விடாதீர்கள், எஞ்சின் ஒயிலை உறிஞ்சும்.

இரண்டு: காகித வகை என்றால் கடையில் போய் காரின் பெயரைச் சொல்லாதீர்கள். பெயரைச் சொன்னால் "இல்லை" என்ற பதில்தான் வரும். வெளி விட்டம், உள் விட்டம், உயரம் மூன்றையும் மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டு போங்கள். பில்டர் கம்பனிகளின் கட்டலொக்கில் அளவுகளும் இருக்கும். காபரேட்டர் காலத்துக் கோறலா, சனி கார்களுக்கும் வட்ட பில்டர்தான். அதில் ஒன்று பொருந்துகிறதா என்று அளவு சொல்லும். உயரம் குறைந்தால் மூடிக்கும் பில்டருக்கும் இடையில் இடைவெளி விழும். அது பில்டர் போடாததற்குச் சமன்.

மூன்று: சட்டியை ஏற்கனவே தொலைத்தவர்கள் கொழும்பு போகும்போது பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடைகளில் தேடுங்கள். அதுவரை பொருத்தமான வேறு சட்டி ஒன்றுக்கு லேத் கடையில் ஒரு வளையம் கடைந்து போடலாம்.

பாஸ்மாரே, உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றுமில்லாத காலத்தில் இந்த வண்டிகளை ஓட வைத்தவர்கள் நீங்கள்தான். அதனால்தான் கேட்கிறேன், "இல்லை" என்று சொல்ல முன்னம் ஒரு அளவுகோலை எடுங்கள். கழற்றிய சட்டியை எறியாமல் வண்டிக்காரரின் கையில் கொடுங்கள்.

ஒரு ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. வேர்னியர் இடுக்கியைப் பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டிப் பரீட்சைக்கு மட்டும் படிப்பிக்கிறோம். அதே பிள்ளை ஊரில் உள்ள பழைய கார்களின் பில்டரை அளந்து ஒரு பட்டியல் போட்டால் அதுவும் பாடம்தானே?

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் கீழே கருத்தில் எழுதுங்கள்: என்ன கார், பில்டரின் மூன்று அளவு, எது பொருந்தியது. பட்டியலை நான் தொகுத்து இங்கேயே போடுகிறேன். அளவு தெரியாதவர்கள் இதைத் தங்கள் பாஸுக்கு அனுப்புங்கள்.