இன்னொரு பிரதி எங்கே?

பீரோவுக்கு மாற்றுச் சாவி வைத்திருக்காத வீடு அபூர்வம். ஆனால், பத்து வருஷத்துப் போட்டோக்களையும், கடைக் கணக்கையும், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகளையும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் அதிகம்!

அந்த டிஸ்க்குக்குள் நடப்பது தெரிந்தால் தூக்கம் வராது. உள்ளே இருக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சிறு முனை பறந்துகொண்டே எழுதுகிறது, படிக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும்போது மேஜையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் போதும்; முனை தட்டைக் கீறிவிடும். 'டிக், டிக்' என்று சத்தம் வரும். அதோடு சரி!

சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதே என்பார்கள். அது விழுந்தாலும் தாங்கும், வாஸ்தவம். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் சாகும்.

பழுதான டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தூசி இல்லாத அறையில் வைத்துத் திறக்க வேண்டும். கூலி, டிஸ்க் விலையைப்போல் பல மடங்கு ஆவதுண்டு. கிடைத்துவிடும் என்ற உறுதியும் இல்லை.

நெகட்டிவ் இருந்த காலம்

பிலிம் காலத்தில் கல்யாணப் படம் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருக்கும். ஒரு பிரதி சம்பந்தி வீட்டுக்கும் போயிருக்கும். வீட்டில் மழைநீர் புகுந்து ஆல்பம் நாசமானாலும், படம் அழிந்துவிடாது. யாரும் யோசனை செய்து இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை, தானாக அமைந்தது. வீட்டுப் பத்திரம் தொலைந்தாலும் ரிஜிஸ்தர் ஆபீசில் மனுப் போட்டு நகல் வாங்கலாம். அங்கே சட்டமே ஒரு பிரதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

டிஜிட்டல் வந்ததும் இந்த இரண்டாவது பிரதி சத்தமில்லாமல் போய்விட்டது. காலமான தகப்பனாரின் குரல் ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. அது போனால், அந்தக் குரலும் போயிற்று.

சர்க்காரே ஏமாந்த கதை

சாமானிய ஜனங்கள் மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென் கொரியாவின் டேஜோன் நகரில், சர்க்கார் கம்ப்யூட்டர்கள் இருந்த கட்டிடத்தில் லித்தியம் பாட்டரி தீப்பிடித்தது. சர்க்கார் ஊழியர்கள் தங்கள் வேலைக் காகிதங்களைச் சேர்த்துவைத்த 'ஜி டிரைவ்' எரிந்து போயிற்று. அளவு 858 டெராபைட்! ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இதிலேயே வையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெளியிடத்தில் பிரதி ஏன் இல்லை? மிகவும் பெரியதாக இருந்ததால் எடுக்க முடியவில்லை என்றார்கள்.

இதை விட விபரீதமான சமாதானம் இருக்க முடியாது. நஷ்டம் பெரிது என்றால், பிரதி எடுப்பதற்கு அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனி தப்பியது ஒரு தாயின் புண்ணியத்தால். 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகும்போது, தவறான கட்டளை ஒன்றினால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே அழிந்தது. பிரதி இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது சரியாகப் பதிவாகவே இல்லை! கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரி, கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தார். அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையால் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். (பிற்பாடு கதையையே பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்

சிலர் கெட்டிக்காரர்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் மாட்டி, இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதவைக்கிறார்கள். ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது கைகொடுக்கும். அதுவரை சரி. ஆனால் கைதவறி ஒரு பைலை அழித்தால், இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டையும் பிடிக்கும். இடி விழுந்தாலும், திருடன் வந்தாலும் இரண்டுக்கும் ஒரே கதிதான். பக்கத்துப் பக்கத்தில் வைப்பதைப் பிரதி என்று சொல்வது சரியல்ல. இரண்டாவது டிஸ்க் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றப்பட்டு, வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் பிரதி வேண்டியதில்லை. சினிமாப் படங்களை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் பிரித்தால், பல வீடுகளில் சிறிய டிஸ்க்கே போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை மாட்டி, புதியவற்றைச் சேர்த்து, நாலு படங்களையாவது திறந்து பார்க்க வேண்டும். பிக்ஸாரில் நடக்காமல் போனது இந்தச் சோதனைதான். பிறகு தேதி எழுதி ஒட்டி, தங்கை வீட்டுப் பீரோவில் வைக்கலாம். அவளுடையது இங்கே இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி வரலாம்.