'சார் சொன்னாரு மேடம்'

கட்டிலில் கிடந்தது பொம்மை. அதன் மார்பு ஏறி இறங்கியது, திரையில் இதயத் துடிப்பு ஓடியது. சுற்றி, அப்போதுதான் படிப்பை முடித்திருந்த நான்கு செவிலியர்கள். மருத்துவராக நடித்த ஆசிரியர், பொட்டாசியம் குளோரைடை எதிலும் கலக்காமல் அப்படியே ஐ.வி.யில் போடச் சொன்னார். போட்டால் இதயம் நின்றுபோகலாம். நால்வருக்கும் தெரியும், தேர்விலேயே எழுதியிருப்பார்கள். ஆனாலும் ஒருவர் சிரிஞ்சை எடுத்தார்.

பிறகு நடந்த கலந்துரையாடலில் ஏன் என்று கேட்டார்கள். "சார் சொன்னாரு மேடம்." எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வுக்காக மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவாகச் செய்யும் இந்த சிமுலேஷன் பயிற்சியின் மையமே அந்த 'சார்'தான். இதன் வேர்களில் ஒன்று விமானத் துறையில் இருக்கிறது. 1977இல் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். மூத்த கேப்டன் விலகிவிட்டது என்றார். ஓடத் தொடங்கிய விமானத்தை நிறுத்தவில்லை. பொறியாளரும் அதற்கு மேல் வலியுறுத்தவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பின்தான் கீழே இருப்பவரைப் பேசப் பழக்கும் பயிற்சிகள் உருவாகி, மருத்துவத்துக்கும் வந்தன. ஒருமுறை சொல்லிக் கேட்கவில்லையா, இன்னொரு முறை சொல். அப்போதும் கேட்கவில்லையா, அவருக்கும் மேலே இருப்பவரிடம் போ.

நல்ல விதிதான். நம் வார்டில் யாரால் அப்படிப் பேச முடியும்? தமிழ்நாட்டில் 2015இல் அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. வேலையே நிச்சயமில்லாதவரிடம் "துணிந்து பேசு" என்பது கொஞ்சம் அதிகம்.

அதற்கும் அடியில் சாதி இருக்கிறது. உடலைத் தொட்டு ரத்தமும் மலமும் துடைக்கும் வேலை என்பதால், செவிலியர் பணியைத் தீட்டாகப் பார்த்த சமூகம் இது. சிரிஞ்சை எடுத்த அந்தப் பெண் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார்: "நெஜ வார்டுல எதுத்துக் கேட்டா, 'கோட்டாவுல வந்ததுதானே'ன்னு சொல்லுவாங்கண்ணா." இதைச் சொல்ல அந்தக் கலந்துரையாடலில் இடமே இருக்கவில்லை.

செவிலியரும் அப்பாவி இல்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு வார்டிலும் வேலை செய்கிறது. நோயாளிக்கு மூச்சு வாங்குவதைத் துடைப்பத்தோடு நிற்கும் தூய்மைப் பணியாளர்தான் பல நேரம் முதலில் பார்க்கிறார். அவர் சொன்னால், "நீ உன் வேலையப் பாரு." அன்றைய பயிற்சிக் காட்சியில் அவருக்கு ஒரு வேடம்கூட இல்லை.

குழுப் பயிற்சி என்றால் முழுக் குழுவும் வரட்டும். பயிற்சி மருத்துவர், வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர் எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கட்டும். யார் பேச்சு கேட்கப்படவில்லை, ஏன் என்பதைக் கலந்துரையாடலின் முதல் கேள்வியாக வையுங்கள். 'சார்' வேடத்துக்கு ஆசிரியர் வேண்டாம், வார்டில் உண்மையாகவே ஆணையிடுபவர் வரட்டும். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். செவிலியர்களுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வந்ததாம்?