விண்வெளி வீட்டுக்கு ஒரு ஜன்னல்

நமது நாட்டின் சொந்த விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியைக் கட்டுவதற்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2028-க்குள் முதல் பகுதியை ஏற்றுவது, 2035-க்குள் ஐந்து பகுதிகளையும் இணைத்து முடிப்பது என்று திட்டம் வகுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் டில்லியில் இதன் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார்கள். குறுக்களவு 3.8 மீட்டர், நீளம் 8 மீட்டர். அதாவது பன்னிரண்டரை அடி அகலமும் இருபத்தாறு அடி நீளமும் உள்ள ஓர் உருளை. இதில் இயந்திரங்கள் அடைத்துக்கொண்டது போக மீதிதான் மனிதனுக்கு.

ஓர் அறையில் நான்கு பேர் குடியிருந்து, ஒருவர் ஷிப்டு முடிந்து தூங்கும்போது இன்னொருவர் எழுந்து கிளம்பும் வாழ்க்கையை அறிந்த நம் வாசகர்களுக்கு, இடநெருக்கடி மனிதனை என்ன செய்யும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

1979-இல் எங்கே தலையில் விழுமோ என்று ஊரெல்லாம் நடுங்கியதே, அந்த ஸ்கைலாபை அமெரிக்கா கட்டியபோது இதே வழக்கு வந்தது. ஜன்னல் வைத்தால் சுவர் பலவீனப்படும், தேவையில்லை என்றார்கள் பொறியாளர்கள். ஆலோசகராக இருந்த வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி விடவில்லை. ஜன்னல் வந்தது, ஒவ்வொருவருக்கும் தனித் தூங்குமிடமும் வந்தது. 1973-74-இல் அங்கே தங்கியவர்கள் ஓய்வு நேரத்தை அந்த ஜன்னலருகேதான் கழித்தார்கள். கடைசிக் குழுவினர் தங்கியது 84 நாள்!

வாசல் விஷயம் இன்னும் முக்கியம். 1997 ஜூன் 25-ஆம் தேதி ரஷ்யாவின் மிர் நிலையத்தில் சரக்குக் கலம் மோதி, ஒரு பகுதியில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தது. அந்தப் பகுதியின் கதவை உடனே சாத்த முடியவில்லை. காரணம், வாசல் வழியாக மின்கம்பிகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். சிலவற்றைக் கழற்றி, சிலவற்றைக் கத்தியால் அறுத்து, ஒரு மூடியை வைத்து அடைத்து மூவரும் உயிர் தப்பினார்கள். நமது நிலையத்தில் எந்த வாசலிலும் ஒரு கம்பிகூடக் குறுக்கே போகாதபடி இப்போதே வரைபடத்தில் விதி செய்ய வேண்டும்.

காற்றடைத்து விரியும் துணிக்கூடாரம் போன்ற அறையும் உண்டு. 2016-இல் சர்வதேச நிலையத்தில் இணைத்த அத்தகைய அறை, சுமார் 1.4 டன் எடையில் 16 கன மீட்டர் இடம் தந்தது. ஆனால் அது பெரும்பாலும் சாமான் அறையாகவே பயன்பட்டது. முதல் பகுதிக்கு உலோகமே சரி என்பது நம் கருத்து. அடுத்த பகுதிகளுக்கு விரியும் அறையை நாமும் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

2025-இல் சர்வதேச நிலையத்தில் 18 நாள் தங்கித் திரும்பிய சுபான்ஷு சுக்லாவும், ககன்யானுக்குத் தேர்வான மற்ற மூவரும் வரைபட மேஜையில் பொறியாளர்களுக்குச் சமமாக அமர வேண்டும். உலோகத்தை வெட்டுமுன், மரத்தாலும் பலகையாலும் முழு அளவில் ஒன்றைச் செய்து சில வாரங்கள் அவர்களை அதில் குடியிருக்கச் செய்யலாம். அங்கே அவர்கள் சொல்லும் குறைகளைத் தீர்த்த பிறகே இறுதி வடிவத்துக்கு இஸ்ரோ கையெழுத்திட வேண்டும்.