வாட்டர் வாஷ் கடையின் இலவசப் பளபளப்பு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என் காரை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். 11 வயது வண்டி, வெயிலில் நின்றே வளர்ந்தது. பம்பரும் சக்கரத்தைச் சுற்றியுள்ள கருப்பு பிளாஸ்டிக்கும் சாம்பல் பூத்துக் கிடந்தன. திரும்ப எடுக்கப் போனபோது எல்லாம் கன்னங்கரேல் என்று மின்னியது. "பாலிஷ் ஃப்ரீம்மா, புது வண்டி மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்றார் கடைத் தம்பி. எனக்கும் சந்தோஷம்தான். ஐம்பது ரூபாய் கூடவே கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு ஒரு வரவேற்புக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டால் கண்ணாடி தெளியவில்லை. மோர் தெளித்தது போல ஒரு படலம். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறியதும் ரோடே மறைந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன், கால் வழுக்கியது. பெடலிலும் பாலிஷ்! பின் சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக்கிலும் தாராளமாகப் பூசியிருக்கிறார். இந்த வகைப் பாலிஷ் பலவற்றில் சிலிகோன் எண்ணெய் உண்டு. மழையில் அது கண்ணாடிக்கு வந்துவிட்டது. வைப்பர் அதைத் துடைக்கவில்லை, தடவிக் கொடுத்தது.

இனி வகுப்புக்கு வருவோம். அந்தக் கருப்பு பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். பிளஸ் டூவில் சீக்லர்-நாட்டா வினையூக்கி படித்தோமே, 1963-இல் நோபல் பரிசு வாங்கிய இருவர், அவர்கள் வழி வந்த பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை அறுக்கிறது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. ஒளி அங்கே சிதறுவதால் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. எண்ணெய் பூசினால் வெடிப்பு நிரம்பும், கருப்பாகத் தெரியும். ஈரத்துணி அடர்ந்த நிறமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். துணி காய்ந்தால் பழைய நிறம். எண்ணெய் போனாலும் அப்படியே.

ஆகவே என் கருத்து இது: எண்ணெய்ப் பளபளப்பு பராமரிப்பே அல்ல. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியை எடுக்கும் நிமிடத்தில் மின்ன வேண்டும் என்று நாம்தான் கேட்கிறோம், அவர் கொடுக்கிறார். வண்டியை விடும்போதே "பாலிஷ் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். பெடல், ஸ்டியரிங், டயர் தரையைத் தொடும் பகுதி, வைப்பர் பக்கம், இந்த நான்கிலும் கூடவே கூடாது.

மண்ணெண்ணெய், டீசல் தடவுகிற பழக்கத்தையும் விடுங்கள். கதவு ரப்பர் பீடிங் அதைக் குடித்து உப்பிப்போகும். தேங்காய் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும். ஹீட் கன்னால் சூடு காட்டினால் மேல்தோல் உருகிக் கருக்கும், உண்மைதான். ஆனால் வெயில் தின்றது திரும்பி வராது. கை கொஞ்சம் தாமதித்தால் பம்பர் வளைந்துவிடும்.

கருப்பாக வேண்டும் என்றால் ஒரே தடவை முறையாகச் செய்யுங்கள். முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்தால் கருப்பு, காய்ந்தால் சாம்பல் என்றால் அது வெயில் வேலை. மற்றபடி வெள்ளைத் திட்டுகள் பழைய வாக்ஸாக இருக்கலாம், சோப்பும் பழைய டூத் பிரஷும் போதும். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். பிறகு காய்ந்து இறுகும் வகை பிளாஸ்டிக் கோட்டிங்கை நிழலில் வைத்து மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் நனைய விடாதீர்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பல மாதம் தாங்கும், கையில் ஒட்டாது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து நிழல், இல்லையென்றால் ஒரு கவர்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பம்பர் மின்னுகிறதே என்று மயங்காமல் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறை ஒட்டினால், மற்ற பாகங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

என் கண்ணாடியை மறுநாள் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு, வைப்பர் ரப்பரையும் துடைத்தெடுத்த பிறகுதான் பார்வை தெளிந்தது. பம்பர் இப்போது பழையபடி சாம்பல். என் தலையும் அப்படித்தான், இரண்டுக்கும் வயதாகிவிட்டது. ரோடு தெரிந்தால் போதும்.

மழைக்காலம் வருகிறது. உங்கள் வைப்பர் பக்கம் இன்றைக்கே ஒரு விரலை வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்