10,000 எம்.ஏ.ஹெச் போட்டிருக்கு... ஆனா மினி ஃபேன் ஏன் பாதியிலேயே நின்னுடுது?

வெயில் காலம் வந்தாலே நுங்கு, தர்பூசணிக் கடைகளுக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் மினி ஃபேன் கடையும் முளைத்துவிடுகிறது. கையில் பிடிப்பது, கழுத்தில் மாட்டுவது, கிளிப் போட்டு மேஜையில் நிறுத்துவது எனப் பல வகை. சில நூறு ரூபாய்க்கே கிடைப்பதால், 'சரி, ஒண்ணு இருக்கட்டுமே' என்று வாங்கிவிடுகிறோம்.

ஆனால், இது வெறும் விளையாட்டுப் பொருள் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. பிளாட்பாரத்தில் கடை போட்டிருப்பவர்கள், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் செக்யூரிட்டி அண்ணன்கள், கரன்ட் போனதும் கைக்குழந்தையோடு தவிக்கும் அம்மாக்கள்... இவர்களுக்கெல்லாம் பேட்டரி ஃபேன் இன்று ஒரு தேவை. அந்த ஃபேன் 'பத்து மணி நேரம் ஓடும்' என்று சொல்லிவிட்டு ஆறாவது மணி நேரத்தில் நின்றுபோனால்? பெரும்பாலும் ஃபேன்மீது தப்பில்லை. அட்டைப் பெட்டியில் இருக்கும் நம்பரை நாம் படிக்கும் விதத்தில்தான் சிக்கல்.

உள்ளே நடப்பது என்ன?

இந்த வகை ஃபேன்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். தீரும்போது 3 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். ஆனால் பல ஃபேன் மோட்டார்களுக்கு 5 வோல்ட் தேவை, சிலவற்றுக்கு 12 வோல்ட். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் 'பூஸ்ட் கன்வெர்ட்டர்'. (குடிக்கிற பூஸ்ட் இல்லைங்க!) விரல் நுனி அளவே இருக்கும் சர்க்யூட் இது. ஒரு காயிலுக்கு வரும் மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை விட்டுவிட்டு நிறுத்தி, வோல்டேஜை உயர்த்தித் தரும்.

வோல்டேஜ் உயரும், ஆனால் ஆற்றல் கூடாது. சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்குவது மாதிரிதான். மொத்த மதிப்பு அதேதான். நடுவில் கமிஷனும் போகும். இங்கே கமிஷன் என்பது சூடாக வீணாகும் மின்சாரம். சுமார் 15 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

10,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க். 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுக்கும் ஃபேன், அதாவது 5 வாட். 'பத்தாயிரத்தை ஆயிரத்தால் வகுத்தா பத்து மணி நேரம்' என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். தப்பு அங்கேதான். அந்தப் பத்தாயிரம் என்பது பேட்டரியின் 3.7 வோல்ட்டுக்கான அளவு. பெருக்கினால் வருவது 37 வாட்-ஹவர். கமிஷன் போக மிச்சம் சுமார் 31. அதை 5 வாட்டால் வகுத்தால் கிடைப்பது ஆறு மணி நேரம் சொச்சம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் நான்கு மணி நேரம் காணோம்!

2,000 எம்.ஏ.ஹெச் செல் ஒன்று மட்டும் இருக்கும் கையடக்க ஃபேன் என்றால், அதே 5 வாட் வேகத்தில் ஒன்றே கால் மணி நேரம்தான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பழைய பேட்டரி ஃபேன் சார்ஜ் குறையக் குறைய மெதுவாகும். புதுசு கடைசிவரை ஒரே வேகத்தில் சுற்றிவிட்டு சட்டென நின்றுவிடும். காரணம், பூஸ்ட் கன்வெர்ட்டர். பேட்டரியின் வோல்டேஜ் இறங்க இறங்க, அதை ஈடுகட்ட அதிக ஆம்பியரை இழுக்கும். நம் 5 வாட் ஃபேன் முழு சார்ஜில் 1.4 ஆம்பியர் இழுக்கிறது என்றால், தீரும் நேரத்தில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். களைத்துப்போனவர் தலையில்தான் கூடுதல் மூட்டை!

எப்போது ஆபத்தாகிறது?

நல்ல தயாரிப்பில், வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனதும் பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும். மலிவு சரக்கில் முதலில் கைவைக்கப்படுவது அங்கேதான். அளவுக்கு மீறி வற்றிய லித்தியம் செல் உள்ளுக்குள் சேதமாகும். அதைத் திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால் சூடேறும், உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே மோட்டார், செல், கன்வெர்ட்டர் வாங்கி ஃபேன் செய்து பார்க்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கன்வெர்ட்டர் அதைத் தாங்காவிட்டால் ஃபேன் வெட்டி வெட்டி நிற்கும். ஓடும் ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* எம்.ஏ.ஹெச்சை விட்டுவிட்டு வாட்-ஹவரைப் பாருங்கள். போடவில்லையென்றால் எம்.ஏ.ஹெச்சை 3.7-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.
* 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளமுள்ள 18650 வகை செல்லில், பெயர்பெற்ற நிறுவனங்களே பெரும்பாலும் 2,000 முதல் 3,500 எம்.ஏ.ஹெச் வரைதான் தருகின்றன. அதில் 9,900 என்று அச்சிட்டிருந்தால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.
* பவர் பேங்க், லித்தியம் பேட்டரிகளுக்கு பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.
* எப்போதும் ஃபுல் ஸ்பீடு வேண்டாம். கோட்பாட்டின்படி, வேகத்தைப் பாதியாக்கினால் இறக்கைக்குத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். நடைமுறையில் அவ்வளவு மிச்சமாகாது என்றாலும், ஒரு ஸ்பீடு குறைத்தாலே நேரம் நன்றாகக் கூடும்.
* உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை, 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மீதே சுமத்தியிருக்கின்றன.

கடைசியாக, ஃபேனுக்கும் ஓர் எல்லை உண்டு. 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் மின்விசிறிக் காற்று உடலைக் குளிர்விக்காது, சூடாக்கும் என்று எச்சரிக்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலூரும் திருத்தணியும் அந்த அளவைத் தாண்டுவது நமக்குப் புதுசு இல்லை. அந்த நேரத்தில் நிழலும் தண்ணீரும் ஈரத்துணியும்தான் கைகொடுக்கும்.

மிக்ஸி வாங்கினால் வாட் எவ்வளவு என்று கேட்கிறோம். ஃபேன் வாங்கும்போதும் 'எந்த ஸ்பீடில், எத்தனை மணி நேரம்?' என்று கேட்போம். பெட்டியிலேயே அதை அச்சிடும் கட்டாயம் வரும்வரை, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.