வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பதிவேடு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? இங்கிலாந்தில் வைக்கலாம். பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை. அது பள்ளியிலும் நடக்கலாம், வேறு வழியிலும் நடக்கலாம் என்று 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. 2024 இலையுதிர் காலக் கணக்கின்படி அங்கே சுமார் 1,11,700 பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள்.

ஒரு மேஜை, பல வயது

வீட்டில் படித்தால் பிள்ளைக்குக் கூட்டாளிகள் வேண்டாமா? அதற்காகச் சில குடும்பங்கள் ஒன்றுசேருகின்றன. மாதா கோயில் மண்டபத்தையோ ஊர்ப் பொதுக் கூடத்தையோ சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கின்றன. கைவேலை தெரிந்த ஒருவர் வந்து சொல்லித் தருகிறார். செலவை எல்லோரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே மேஜையில் இருப்பார்கள். இருவருக்கும் ஏற்ற வேலை எது? அட்டைத் தறி! ஓர் அட்டையின் இரண்டு ஓரங்களிலும் சிறு வெட்டுகள் போட்டுப் பாவு நூலைக் கட்ட வேண்டும். ஊடை நூலை ஒன்றின் மேலாகவும் அடுத்ததன் கீழாகவும் விட்டு இழுக்க வேண்டும். சின்னவள் மேல், கீழ் என்று சொல்லிக்கொண்டே நெய்வாள். பெரியவன் இழைகளை எண்ணிக் கோலம் அமைப்பான். எத்தனை முழம் நூல் தேவை என்று கணக்கும் போடுவான். தெரிந்தவன் தெரியாதவளுக்குக் கை கொடுப்பான். இதுவும் கல்விதானே?

பதிவேடு எதற்கு?

ஆனால், எல்லா வீடும் ஒன்றல்ல. 2023-இல் வோக்கிங் நகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். வீட்டில் படிக்க வைப்பதாகச் சொல்லி அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். தகப்பனும் சிற்றன்னையுமே கொலையாளிகள் என்று 2024 டிசம்பரில் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நாடே பதைத்தது.

அதே மாதம் சர்க்கார் பார்லிமெண்டில் ஒரு மசோதா கொண்டுவந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வட்டார நிர்வாகமும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. ஆபத்தில் இருப்பதாக விசாரிக்கப்படும் பிள்ளையை அனுமதியின்றிப் பள்ளியிலிருந்து நிறுத்தக்கூடாது என்றது. இவை நியாயமானவை. பள்ளிக்கு வரும் பிள்ளையின் முகவாட்டம் ஆசிரியரின் கண்ணில் படும். வராத பிள்ளையை யார் பார்ப்பது?

நூலா, சிக்கலா?

மசோதா அத்துடன் நிற்கவில்லை. பிள்ளைக்கு வேறு யார், எவ்வளவு நேரம் கற்பிக்கிறார்கள் என்பதையும் பெற்றோர் தெரிவிக்க வேண்டும் என்றது. விதிகளில் குறிக்கப்படும் நேரத்துக்கு மேல் கற்பிப்பவர், நிர்வாகம் கேட்டால் விவரம் தர வேண்டும், தராவிட்டால் அபராதம். நெசவு சொல்லித் தருபவருக்கும் இதனால் கவலைதான். வாரம் இரண்டு மணி நேரத்துக்கு இத்தனை வம்பா என்று அவர் ஒதுங்கிவிட்டால் நஷ்டம் யாருக்கு? பிள்ளைகளுக்குத்தான். அதோடு, அந்தப் பிள்ளைகளைப் பார்த்து வந்த வெளியார் கண்ணும் மூடிவிடும்.

களை எடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கலாகாது. எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டியது அவசியம். வாரம் ஓரிரு மணி நேரம் கைவேலை கற்பிப்பவரை அபராதத்தால் பயமுறுத்த வேண்டியதில்லை. பிள்ளையைக் கவனிக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் கூடுகிறார்களோ, அத்தனைக்கு அது பத்திரமாக இருக்கும்.